மூன்றெழுத்து, 645 பொருள்

(கல்லூரி ஆங்கில இலக்கிய மன்றத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'ஆங்கிலச் சொல்வளம்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். வாயில் நுழையாத சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்போகிறார் என்று சிலர் பயந்திருக்கலாம். பயம் வேண்டாம். இன்று ஒரே ஒரு சொல்லைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். அதுவும் உங்களுக்குப் புதிய சொல் இல்லை. தெருவில் மூன்று குச்சியை நட்டு மட்டையைப் பிடித்த அன்றே நீங்கள் கற்றுக்கொண்ட சொல்தான். 'ரன்'. ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றே எழுத்து.

இந்த மூன்றெழுத்துக்கு எத்தனை பொருள் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பத்து? இருபது? ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக இந்தச் சொல்லைத் திருத்தி எழுதியவர் பீட்டர் கில்லிவர். ஒன்பது மாதம் இந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டினார். 2011-இல் கணக்குப் பார்த்தபோது வினைச்சொல்லாக வரும் 'ரன்'னுக்கு மட்டும் 645 பொருள் தேறியிருந்தது. பெயர்ச்சொல்லாக வருவது தனிக்கணக்கு. அதற்குமுன், 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் முதலிடம் 'செட்' என்ற சொல்லுக்கு. அதை விளக்க மட்டும் ஏறத்தாழ 60,000 சொற்கள் செலவாயின. ஒரு சின்ன நாவலே எழுதிவிடலாம். அந்த 'செட்'டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது 'ரன்'.

645 பொருளையும் எந்த ஆங்கிலேயரும் மனப்பாடம் செய்து வைத்திருப்பதில்லை. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உருவான 'வேர்டுநெட்' என்ற சொற்களஞ்சியம் இதே வினைச்சொல்லுக்கு 41 பொருள்தான் என்கிறது. ஓரிடத்தில் 645, இன்னோரிடத்தில் 41. எது சரி? இரண்டும் சரி. எண்ணுகிறவர் எவ்வளவு நுணுக்கிப் பிரிக்கிறார் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது. ஆக, பொருள் என்பது சொல்லுக்குள் முன்கூட்டியே எண்ணி அடைத்து வைத்ததில்லை. பின்னே அது எங்கே இருக்கிறது? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடுவதுதான் இன்றைய பேச்சு.

ஒரே ஊற்று

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு சொற்கள் இருக்கலாம். ஆங்கிலத்தில் 'பேங்க்' என்றால் ஆற்றங்கரை. பணம் போடும் வங்கியும் அதுதான். ஆனால் ஆற்றங்கரை ஸ்காண்டிநேவிய மொழிப் பக்கத்திலிருந்து வந்தது. வங்கி, பணம் மாற்றுகிறவர்கள் உட்கார்ந்த பலகையைக் குறிக்கும் இத்தாலியச் சொல் வழியாக வந்தது. அகராதியில் இரண்டையும் தனித்தனியாகத்தான் போடுவார்கள். நம் 'ஓடு' அப்படித்தான். ஓடுகின்ற ஓடு ஒன்று, கூரை மேல் வேய்கிற ஓடு ஒன்று. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே வைத்திருக்கிறது.

'ரன்' அப்படியில்லை. கிளை எத்தனை பிரிந்தாலும் அது ஒரே சொல். பழைய ஆங்கிலத்தில் 'ரின்னன்' என்று ஒரு வினை இருந்தது. வைகிங்குகள் இங்கிலாந்தில் குடியேறியபோது அவர்களுடைய நார்ஸ் மொழியின் 'ரின்னா', 'ரென்னா' என்ற சொற்களும் வந்து கலந்தன. இந்தச் சொற்குடும்பத்தின் பழம்பொருளில் மனிதன் ஓடுவதும் உண்டு, நீர் ஓடுவதும் உண்டு. ஜெர்மன் மொழி இன்றைக்கும் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது: தண்ணீர் வழிந்தோடினால் 'ரின்னென்', ஆள் ஓடினால் 'ரென்னென்'. ஆங்கிலம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

இதோடு இன்னொன்றும் நடந்தது. தானே ஓடுவதற்கு ஒரு வடிவம், ஒன்றை ஓடச் செய்வதற்கு வேறொரு வடிவம் என்று முன்பு இருந்தது. தமிழில் தன்வினை, பிறவினை என்கிறோமே, அதுதான். பேருந்து ஓடுகிறது, ஓட்டுநர் ஓட்டுகிறார். ஒரு 'ட்'டைச் சேர்த்ததும் நமக்குத் தெளிவாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த இரண்டு வடிவங்களும் காலப்போக்கில் கலந்து ஒன்றாகிவிட்டன. அதனால் பேருந்தும் 'ரன்' ஆகிறது, அதை நடத்தும் போக்குவரத்துக் கழகமும் பேருந்தை 'ரன்' செய்கிறது. இந்தச் சொல்லின் பொருள்கள் இவ்வளவு பெருகியதற்கு இது முக்கியமான காரணம். தான் ஓடுதல், பிறவற்றை ஓட்டுதல், நீராய் ஓடுதல் என்ற மூன்று வாசலும் ஒரே வீட்டுக்குள் திறக்கின்றன.

நீர் வாசல் வழியாக வந்தவற்றைப் பாருங்கள். ஆறு 'ரன்' ஆகிறது. மூக்கு 'ரன்' ஆகிறது. மருத்துவரிடம் 'ரன்னிங் நோஸ்' என்று நாமே சொல்கிறோம். துவைத்த சட்டையில் சாயம் 'ரன்' ஆகிறது; நம் வீட்டில் சாயம் போகும், ஆங்கிலேயர் வீட்டில் அது ஓடும். பாலாடைக்கட்டி செய்யப் பாலைத் திரியவைக்கும் பொருளுக்கு 'ரென்னெட்' என்று பெயர். அதுவும் இந்தக் குடும்பம்தான். பால் உறைவதை, அது ஒன்றோடொன்று ஓடிச் சேர்வதாகப் பார்த்திருக்கிறார்கள் பழைய ஆங்கிலக் கிராமத்தார்.

யாரும் ஓடாத ரன்கள்

கிரிக்கெட்டுக்கு வருவோம். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே ரன்னுக்கு 'நாட்ச்' என்று ஒரு பெயர் இருந்தது. கணக்கு எழுதுகிறவர் ஒரு குச்சியில் கத்தியால் வெட்டுக்குறி போடுவார். அந்த வெட்டுத்தான் 'நாட்ச்'. பிறகு 'ரன்' நிலைத்தது. மட்டை பிடித்தவர் எதிர்முனைக்கு ஓடினால் ஒரு ரன். சரி. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் பார்வையாளர் நடுவே விழுந்தால்? மட்டை பிடித்தவர் ஓர் அடி நகரவில்லை, ஆறு ரன். ஓட்டத்துக்குப் பிறந்த பெயர், ஓட்டமே தேவையில்லாத ஓர் அலகாகிவிட்டது. அகராதிக்காரர் இங்கே ஒரு புதிய எண் போட்டுத்தான் ஆகவேண்டும். வினைச்சொல்லுக்கு 645 வந்ததும் இப்படித்தான்: ஒவ்வொரு முறையும் சொல் ஓர் அங்குலம் நகர்கிறது; நகர்ந்த இடத்திலேயே தங்கிவிட்டால் அது புதிய பொருள்.

வங்கிக்கும் இதே கதை. 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் என்ற வங்கி தள்ளாடியது. கிளைகளின் வாசலில் மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள், போட்ட பணத்தைத் திரும்ப வாங்க. அதற்கு ஆங்கிலத்தில் 'ரன் ஆன் த பேங்க்' என்று பெயர். மக்கள் வங்கியை நோக்கி ஓடுவதால் வந்த பெயர். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள் வாடிக்கையாளர்கள். பெரும்பாலோர் இருந்த இடத்திலிருந்தே கைபேசியிலும் கணினியிலும் பணத்தை மாற்ற முயன்றார்கள். ஆனாலும் பத்திரிகைகள் அதை 'ரன்' என்றே எழுதின.

நாடக அரங்கில் 'ரன்' என்றால் ஒரு நாடகம் தொடர்ந்து மேடையேறும் காலம். அகதா கிறிஸ்டியின் 'த மவுஸ்ட்ராப்' லண்டனில் 1952 நவம்பர் 25 முதல் நடக்கிறது; 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்துதான் அதை நிறுத்தியது, மறு ஆண்டு மே மாதம் மீண்டும் திரை விலகியது. அதைவிட நீண்ட 'ரன்' உலகில் இல்லை. நாமும் படம் நூறு நாள் 'ஓடியது' என்கிறோம். இங்கே தமிழும் ஆங்கிலமும் ஒரே திசையில் போகின்றன.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படிப் போவதில்லை. அமெரிக்காவில் ஒருவர் அதிபர் பதவிக்கு 'ரன்' செய்கிறார். பிரிட்டனில் நாடாளுமன்றத்துக்கு 'ஸ்டாண்ட்' செய்கிறார், அதாவது நிற்கிறார். நாமும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறோம். அதே வேலை, அதே களைப்பு. ஒரு நாட்டில் ஓட்டம், இன்னொரு நாட்டில் நிற்றல். பெண்களின் காலுறையில் இழை அறுந்து கோடாகக் கிழிந்தால் அமெரிக்காவில் அது 'ரன்'. பிரிட்டனில் ஏணி, 'லேடர்'. ஒரு நிறுவனத்தை ஆங்கிலேயர் 'ரன்' செய்கிறார். தமிழர் 'நட'வுக்குப் பிறவினை கட்டி 'நடத்து'கிறார்.

இன்னும் இருக்கின்றன. காய்ச்சல் அடித்தால் உடம்பு வெப்பத்தை 'ரன்' செய்கிறது. பத்திரிகை ஒரு செய்தியை 'ரன்' செய்கிறது. கணினி ஒரு நிரலை 'ரன்' செய்கிறது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது கடல்வழியே சாராயம் கடத்தியவர்கள் 'ரம் ரன்னர்'கள். பரம்பரையாக வரும் வழுக்கை குடும்பத்தில் 'ரன்' ஆகிறது. 'ரன் அவுட்' என்றால் கிரிக்கெட்டில் ஆட்டமிழப்பு. அதே 'ரன் அவுட்' சமையலறையில், சர்க்கரை தீர்ந்துபோனது. 'ரன் இன்டு' என்றால் வண்டி போய் மோதுவதும் உண்டு, பழைய நண்பரை வழியில் எதிர்பாராமல் பார்ப்பதும் உண்டு. பக்கத்தில் புளியமரம் இருக்கிறதா, பழைய நண்பர் இருக்கிறாரா என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். மூக்கு பக்கத்தில் இருந்தால் ஒரு பொருள். வங்கி இருந்தால் ஒரு பொருள். சர்க்கரை இருந்தால் ஒரு பொருள். 'ரன்' அப்படியே இருக்கிறது; அதன் கூட்டாளி மாறுகிறது. பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்டோமே, விடையின் முதல் பாதி இங்கே கிடைத்துவிட்டது.

இந்தச் சிக்கலை அன்றே வாய்விட்டுப் புலம்பியவர் சாமுவேல் ஜான்சன். 1755-இல் வெளிவந்த தன் அகராதியின் முன்னுரையில் 'கெட்', 'கிவ்', 'டூ', 'புட்', 'செட்', 'கோ', 'ரன்', 'மேக்', 'டேக்' போன்ற சொற்களை வரிசையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். இவற்றின் பொருள் பிடிகொடுப்பதில்லை, மொழி உயிரோடிருக்கும்வரை இவை மணிக்கு மணி தம் உறவுகளை மாற்றிக்கொண்டே இருக்கும் என்பது அவர் முறையீடு. அரிய சொற்கள் மட்டும் அவரைத் தொல்லைப்படுத்தவில்லை. குழந்தைகள் பேசும் சொற்களும் தூக்கத்தைக் கெடுத்தன.

ஒத்த சொல், ஒவ்வாத இடம்

இப்போது மறுபக்கம் போவோம். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பதுபோல, ஒரு பொருளுக்குப் பல சொல்லும் உண்டு. தொல்காப்பியர் உரியியலில் இந்த இரண்டையும் சேர்த்தே பேசுகிறார். தேர்வில் 'சினனிம்' கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? 'ரன்' என்பதற்கு 'ஆபரேட்', 'மேனேஜ்', 'அட்மினிஸ்டர்', 'கண்டக்ட்' என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். நான்கும் சமம் என்று நம்பியும் விடுகிறோம்.

ஒரு கடையை வைத்துப் பார்ப்போம். ஒருவர் கடையை 'ரன்' செய்கிறார் என்றால், காலையில் ஷட்டரைத் தூக்குவதிலிருந்து இரவு கல்லாவை எண்ணுவது வரை அவர் கை இருக்கிறது என்ற தோற்றம் வருகிறது. 'மேனேஜ்' செய்கிறார் என்றால் வேறொருவர் கடையைச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்பவராகவும் இருக்கலாம். ஒரு நிறுவனம் ஐம்பது கடைகளை 'ஆபரேட்' செய்கிறது என்றால் அது ஆண்டறிக்கை மொழி. தெருமுனைப் பெட்டிக்கடைக்கு அந்தச் சொல்லைப் போட்டால் கடைக்காரரே சிரிப்பார். 'அட்மினிஸ்டர்' கடைப்பக்கமே வராது. அது அறக்கட்டளைக்கு வரும், இறந்தவரின் சொத்துக்கு வரும், நோயாளிக்கு மருந்து கொடுப்பதற்கு வரும், பதவிப் பிரமாணம் செய்து வைப்பதற்கு வரும். 'கண்டக்ட்' ஆய்வுக்கும் தேர்வுக்கும் இசைக்குழுவுக்கும் வரும்.

ஏன் இப்படி? ஆங்கிலத்துக்கு மூன்று அடுக்கு உண்டு. அடியில் 'ரன்' போன்ற வீட்டுச் சொற்கள். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு வந்து உட்கார்ந்தது. அதன்மேல் தேவாலயமும் பல்கலைக்கழகமும் லத்தீனைக் கொண்டுவந்து சேர்த்தன. 'ஆஸ்க்' வீட்டுச் சொல்; 'கொஸ்டின்' பிரெஞ்சு வழி வந்தது; 'இன்டராகேட்' நேரே லத்தீன். மூன்றும் கேட்பதுதான். அம்மா 'ஆஸ்க்' செய்வார், காவல் நிலையத்தில் 'இன்டராகேட்' செய்வார்கள். 'மேனேஜ்' இத்தாலியிலிருந்து வந்தது. முதலில் குதிரையைப் பழக்கிக் கையாள்வதைக் குறித்த சொல், அதற்குள் லத்தீனின் 'கை' ஒளிந்திருக்கிறது. 'கவர்ன்' கிரேக்கத்தில் கப்பலின் சுக்கான் பிடிப்பதற்கான சொல்லிலிருந்து வந்தது. ஒவ்வொன்றும் தான் பிறந்த இடத்தின் வாசனையை இன்னும் கொஞ்சம் வைத்திருக்கிறது.

காலால் ஓடுவதற்கே எத்தனை! நூறு மீட்டர் ஓடுகிறவர் 'ஸ்பிரின்ட்' செய்கிறார். கடற்கரையில் காலையில் மெதுவாக ஓடுகிறவர் 'ஜாக்' செய்கிறார். குதிரை 'கேலப்'. பயந்துபோன குதிரை 'போல்ட்'. குறுக்குவில்லிலிருந்து பாயும் அம்புக்கு அந்தப் பெயர், அதன் பாய்ச்சல் இதற்குள் இருக்கிறது. எலி 'ஸ்கரி'. போருக்குப் பயந்து மக்கள் நாட்டைவிட்டு 'ஃப்ளீ' செய்கிறார்கள். விமானத்தில் ஏறிப் போனாலும் அது 'ஃப்ளீ'தான், கால் அசையவேண்டியதில்லை. காதலித்தவர்கள் வீட்டுக்குத் தெரியாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்டால் 'இலோப்'. நம் ஊர்ப் பேச்சில் அதற்கும் 'ஓடிப்போயிட்டாங்க'தான். பணத்தைச் சுருட்டிக்கொண்டு போனால் 'அப்ஸ்காண்ட்'. இது காவல்துறைக் குறிப்புகளில் நாள்தோறும் பார்க்கிற சொல்.

ஒத்த சொற்கள் என்பவை பங்காளிகள். முகத்தில் சாயல் இருக்கும், குலதெய்வம் ஒன்றாக இருக்கும். ஆனால் ஒருவர் பெயரில் வந்த பத்திரிகைக்கு இன்னொருவர் போய் மொய் எழுத முடியாது.

ரோஜேவின் புத்தகம்

ஒத்த சொல் என்றதும் ஒரு பெயர் வரும்: பீட்டர் மார்க் ரோஜே. 1779-இல் லண்டனில் பிறந்த மருத்துவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் ராயல் சொசைட்டியின் செயலாளர். கணக்கிடும் நழுவுகோலில் புது வகை ஒன்றை வகுத்தவரும் அவர்தான். 1805-இலேயே தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு சொற்பட்டியல் போட்டு வைத்திருந்தார். அதை விரித்துப் புத்தகமாக வெளியிட்டது 1852-இல். அப்போது அவருக்கு வயது 73. அந்தப் புத்தகம்தான் 'தெசாரஸ்'.

ரோஜே சொற்களை அகர வரிசையில் அடுக்கவில்லை. உலகத்தில் உள்ள கருத்துகள் எல்லாவற்றையும் ஆறு வகுப்பாகப் பிரித்தார். அவற்றை ஆயிரம் தலைப்பாக உடைத்தார். ஒவ்வொரு தலைப்பின் கீழும் நெருங்கிய சொற்களைக் கொட்டி வைத்தார். இந்த முறை நமக்குப் பழக்கமானதுதானே? சேந்தன் திவாகரம் என்ற தமிழ் நிகண்டு அப்படித்தான் இருக்கிறது. தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று தொடங்கிப் பன்னிரண்டு தொகுதி. அதில் ஒன்று, ஒரு சொல்லுக்குள்ள பல பொருளுக்கென்றே ஒதுக்கிய தொகுதி. ரோஜேவுக்குத் திவாகரம் தெரியாது. ஆனால் அமரகோசம் தெரிந்திருந்தது. கோல்புரூக் ஆங்கிலத்தில் தந்து 1808-இல் செராம்பூரில் அச்சான அந்த வடமொழி நிகண்டைத் தன் முன்னுரையின் அடிக்குறிப்பில் அவரே சொல்கிறார், கருத்து வாரியாகச் சொல்லை அடுக்கிய பழைய முயற்சி என்று.

ரோஜேவின் புத்தகத்தில் முக்கியமான ஒன்று இல்லை: விளக்கம். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் சொல்லவே இல்லை. அவருக்கு முன்னால் அதைச் செய்தவர்கள் இருந்தார்கள். ஜான்சனின் தோழியான ஹெஸ்டர் பியோஸி 1794-இலும், ஜார்ஜ் கிராப் 1816-இலும் ஒத்த சொற்களிடையே உள்ள நுட்ப வேறுபாடுகளை விளக்கியே தனி நூல் எழுதினார்கள். ரோஜே அந்த வேலையை வாசகரிடம் விட்டுவிட்டார். சொல் தெரியும், ஆனால் நாக்கு நுனியில் நின்று வரமாட்டேன் என்கிறது. அப்படித் தவிக்கிற எழுத்தாளருக்காக அவர் எழுதினார். சொல்லே தெரியாதவர் அந்தப் பட்டியலைத் திறந்து, பெரிதாகத் தெரிகிற ஒன்றை எடுத்துக் கட்டுரையில் ஒட்டினால், பெட்டிக்கடையை 'அட்மினிஸ்டர்' செய்கிற விபத்துதான் நடக்கும். இன்றைக்கு எழுதும் மென்பொருளில் ஒரு சொல்லின் மேல் சுட்டியால் தட்டினால் ஒத்த சொல் வந்து நிற்கிறது. ரோஜேவின் பட்டியலைவிட வசதி அதிகம், விபத்தும் அதிகம்.

துணையும் சூழலும்

பொருள் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். இதற்குக் கூர்மையான விடை சொன்னவர் ஜே.ஆர்.ஃபெர்த் என்ற ஆங்கில மொழியியலாளர். 1919 முதல் 1928 வரை லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஒரு சொல்லை அறியவேண்டுமானால் அது யாரோடு சேர்ந்து திரிகிறது என்று பார்க்கவேண்டும் என்பது 1957-இல் அவர் எழுதிய கருத்து. 'கொலொகேஷன்' என்று உங்கள் பாடத்தில் வருகிறதே, அந்தச் சொல்லை மொழியியலில் ஊன்றியவர் அவர்தான்.

இதே எண்ணம் வேறொரு பக்கத்திலிருந்தும் வந்தது. 1949-இல் அமெரிக்கரான வாரன் வீவர், கணினியால் மொழிபெயர்க்க முடியுமா என்று ஒரு குறிப்பு எழுதிச் சுற்றுக்கு விட்டார். ஓர் அட்டையில் ஒரே ஒரு சொல் தெரியும் அளவுக்கு ஓட்டை போட்டு, அதைப் பக்கத்தின் மேல் வைத்தால் அந்தச் சொல்லின் பொருளைத் தீர்மானிக்க முடியாது. ஓட்டையை இரு பக்கமும் கொஞ்சம் அகலமாக்கி அக்கம்பக்கச் சொற்களையும் பார்த்தால் முடியும் என்றார். இன்றைக்குக் கைபேசியில் மொழிபெயர்க்கிற செயலிகள் செய்வதும் அடிப்படையில் அதுதான்: பக்கத்துச் சொற்களைப் பார்ப்பது. ஓட்டை மட்டும் மிகப் பெரிதாகிவிட்டது.

ஆனால் 1960-இல் யெஹோஷுவா பார்-ஹில்லெல் என்ற தர்க்கவியலாளர் ஒரு கொக்கி போட்டார். 'பெட்டி பென்னுக்குள் இருந்தது' என்ற பொருள்பட ஓர் ஆங்கில வாக்கியம். 'பென்' என்றால் எழுதும் பேனா. குழந்தையை விளையாட விடும் தட்டி அடைப்புக்கும் 'பென்' என்றுதான் பெயர். பேனாவுக்குள் பெட்டி நுழையாது என்று நமக்குத் தெரியும், ஏனென்றால் நாம் பேனாவையும் பெட்டியையும் பார்த்திருக்கிறோம். கணினி எப்படி அறியும்? சொற்களை மட்டும் பார்த்தால் போதாது, உலகமும் தெரியவேண்டும் என்றார். ஃபெர்த்துக்கும் இது தெரிந்திருந்தது. பேச்சு நடக்கும் சூழலையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தி வந்தார்.

'ரன்' தனியாக வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 'ரன்!' என்று ஒருவர் கத்துகிறார். துணைச்சொல் எதுவும் இல்லை. கத்தியவர் மைதானத்து ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர் என்றால் 'வேகமாகப் போ' என்று பொருள். எரிகிற கட்டடத்தின் வாசலில் நிற்பவர் என்றால் 'உயிர் தப்பு'. கணினித் திரைக்கு முன்னால் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னால் 'நிரலைத் தட்டிவிடு'. சொல் ஒன்று, குரலும் ஒன்றாகவே இருக்கலாம். நிற்கிற இடம் பொருளைத் தந்துவிடுகிறது. இது விடையின் மறு பாதி.

குறிப்பேட்டில் என்ன எழுதுவது?

இதெல்லாம் தேர்வுக்கு உதவுமா என்று கேட்பீர்கள். உதவும். நம் பழக்கம் என்ன? குறிப்பேட்டில் நடுவே ஒரு கோடு கிழிப்போம். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழில் ஒரே ஒரு சொல். 'ரன்' என்று எழுதி எதிரே 'ஓடு' என்று போட்டுவிட்டால், வங்கியும் மூக்கும் சாயமும் நாடகமும் அந்தக் கோட்டுக்கு வெளியே போய்விடுகின்றன. அந்த ஒற்றைச் சொல்லை நம்பி வாசிக்கிற மாணவர், 'ரன் ஆன் த பேங்க்' என்பதைப் பார்த்தவுடன் கரையோரம் யாரோ ஓடுவதாகப் புரிந்துகொள்வார்.

அந்தக் கோட்டை அழித்துவிடுங்கள். ஒரு சொல்லைக் கற்கும்போது அதன் துணைகள் மூன்றையாவது சேர்த்து எழுதுங்கள்: யார் அதைச் செய்கிறார், எதைச் செய்கிறார், எந்த இடத்தில் அந்தச் சொல் வருகிறது. 'கமிட்' என்று தனியாக எழுதவேண்டாம். குற்றத்தோடும் தவறோடும் தற்கொலையோடும் வருகிற சொல் என்று எழுதுங்கள். பிறகு ஒரு நற்செயலை யாரும் 'கமிட்' செய்தார்கள் என்று எழுதமாட்டீர்கள். தெசாரஸில் ஒரு சொல்லைப் பார்த்து ஆசைப்பட்டால், அதை எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தருகிற ஓர் அகராதியில் தேடிப் பாருங்கள். அங்கே அது பழகும் கூட்டம் உங்கள் வாக்கியத்தில் இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பெரிய சொற்களைத் தேடி ஓடவேண்டாம். பெரிய சொல்லுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு பொருள்தான். அகராதியை ஒருமுறை பார்த்தால் முடிந்தது. ஆங்கிலம் தெரிந்தவரையும் தடுமாற வைப்பவை சின்னச் சொற்கள். அவற்றோடு பழகினால்தான் மொழியோடு பழகியதாகும். அதற்கு மனப்பாடம் உதவாது. நிறைய வாசிப்பதும் வாசிக்கும்போது பக்கத்துச் சொற்களைக் கவனிப்பதும்தான் வழி.

இந்த மன்றம் மாதந்தோறும் கூடும் என்று சொன்னார்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு சின்னச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: 'கெட்', 'புட்', 'டேக்', 'மேக்'. ஜான்சனுக்கே தண்ணி காட்டிய சொற்கள். ஒரு மாதம் கண்ணில் படும் நாளிதழிலும் நாவலிலும் அந்தச் சொல் யாரோடெல்லாம் சேர்ந்து வருகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். 645 வேண்டாம், இருபது போதும். அந்த இருபதையும் இந்த மேடையில் ஏறி நீங்கள் சொல்லுங்கள், நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.